நலிந்தவர்களுக்குப் பூஸ்டர் ஊசி: நெல்லைப் பக்கத்து ஊர்களில் எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்ட தம்பிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவி ஒன்றியத்தில் உங்கள் ஊரையும் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களையும் சேர்த்தால் சுமார் 12,000 பேர். அவர்களில் வயதானவர்கள், சர்க்கரை, இளைப்பு, இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் ஆகியோருக்கு பூஸ்டர் ஊசி போட ஊர் அறக்கட்டளை பணம் ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டுப் பெரிய முகாம். 500 ஊசிக்கு மொத்தக் கடையில் விலையும் கேட்டாகிவிட்டது. வேறு என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஊசிக்கும் இப்போது ஆர்டர் வேண்டாம். இரண்டுக்கும் முன்னால் ஒரு மாத வேலை கிடக்கிறது. பொதுச் சுகாதாரத் துறையில் தடுப்பூசி வேலையிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். பூஸ்டரில் முகாம் என்பது கடைசியில் வரும் சின்ன வேலை. பட்டியலும் தேதியும்தான் பெரிய வேலை.

ஏன் என்று சொல்கிறேன். முதல் ஊசி போடும்போது ஊரில் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். யாருக்கும் போடவில்லை, எல்லோருக்கும் போட வேண்டும். மைக் கட்டி ஆட்டோவில் சொல்லிவிட்டால் கூட்டம் வந்துவிடும். 2021 செப்டம்பர் 12-இல் தமிழ்நாடு முழுக்கத் தொடங்கிய மெகா முகாம்கள் அப்படித்தான் ஓடின. ஆனால் அடுத்த தவணை என்று வரும்போது ஆளுக்கொரு தேதி. போன ஊசி எப்போது போட்டாரோ அங்கிருந்து அவருடைய கணக்கு தொடங்குகிறது. முகாம் நாளன்று தேதி ஆகாதவர் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். தேதி தாண்டியவருக்குத் தனக்குத் தேதி தாண்டியதே தெரியாது.

கொரோனா முன்னெச்சரிக்கை ஊசி நல்ல பாடம். 2022 ஜனவரி 10-இல் மருத்துவப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணைநோயுள்ள 60 வயதுக்காரர்கள் என்று தொடங்கினார்கள். இரண்டாம் ஊசிக்குப் பின் ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். மார்ச் 16-இல் 60 தாண்டிய எல்லோருக்கும் என்றானது. ஏப்ரல் 10-இலிருந்து 18 வயதுக்கு மேற்பட்டோர் தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஜூலை 6-இல் இடைவெளி ஒன்பதிலிருந்து ஆறு மாதமானது. ஜூலை 15-இலிருந்து 75 நாள் எல்லோருக்கும் இலவசம். இத்தனை மாற்றத்தையும் ஒரு பேச்சி ஆச்சியோ மாடசாமித் தாத்தாவோ எப்படித் தொடர முடியும்? இடைவெளி ஆறு மாதமான அன்று, 2021 அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய இரண்டாம் ஊசி போட்டவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் தகுதிக்கு வந்துவிட்டார்கள். மாதவாரியாகப் பட்டியல் வைத்திருந்த செவிலியர்கள் அன்று காலையிலேயே யார் யாரைக் கூப்பிட வேண்டுமென்று அறிந்திருந்தார்கள். பட்டியல் இல்லாத இடத்தில் மறுபடி மைக்தான்.

இன்னொன்றும் நடந்தது. தேதி வந்ததும் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது, உண்மைதான். யாருடைய போனுக்கு? கோவின் என்ற அரசுப் பதிவுத் தளத்தில் ஒரே எண்ணில் நாலு பேர், பிறகு ஆறு பேர் வரை பதிந்துகொள்ளலாம் என்றிருந்தது. நம்ம பக்கத்துக் கிழவிகளுக்குப் பதிந்த எண் மும்பை தாராவியில் இருக்கும் மகனுடையது, அல்லது திருப்பூரில் இருக்கும் பேரனுடையது. செய்தி அங்கே போய்ச் சேர்ந்தது, ஆச்சி இங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கேட்டால், “ரெண்டு போட்டாச்சுல்லா, இனி என்ன?” என்பாள். பயத்தால் வராதவர்கள் உண்டு. ஆனால் நான் பார்த்தவரையில் தெரியாமல் வராதவர்கள்தான் அதிகம். பயத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும், தெரியாமைக்குத் தேதி சொன்னால் போதும்.

சரி, எந்த ஊசி? ‘பூஸ்டர்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். நலிந்தவர்களுக்கு வேண்டியவை நாலைந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

முதலாவது ஃப்ளூ. இது வருடா வருடம் போட வேண்டும். கிருமி வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், ஊசியில் எந்தெந்த வகை இருக்க வேண்டும் என்று அறிவிக்கிறது. தமிழ்நாட்டில் ஃப்ளூ தலைதூக்குவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு. ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாகும். ஆகவே ஐப்பசி அடைமழைக்கு முன்னால், செப்டம்பருக்குள் போட்டு முடிப்பது சரியான யோசனை. உங்கள் மாதத் தேர்வில் எனக்கு மறுப்பில்லை. வாங்கும்போது பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது, காலாவதி எப்போது என்று படித்துப் பாருங்கள். போன வருடத்துச் சரக்கைத் தள்ளுபடியில் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். நாலு வகைக் கிருமிக்கான ஊசிதான் உசத்தி என்று கூடுதல் விலை சொன்னாலும் மயங்காதீர்கள். அந்த நாலாவதான பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. மூன்று வகை ஊசியே போதும்.

இரண்டாவது நிமோகாக்கல், அதாவது நிமோனியா ஊசி. குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்திலேயே உண்டு. பெரியவர்களுக்குத் தேசியத் திட்டத்தில் இல்லை, நாம்தான் வாங்க வேண்டும். விலை நாலு இலக்கம். இங்கே பரவலாக இருந்துவரும் முறை, முதலில் பி.சி.வி.13 என்ற வகை, ஒரு வருடம் கழித்து பி.பி.எஸ்.வி.23 என்ற வகை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, அதாவது புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர், மண்ணீரல் எடுத்தவர் போன்றோருக்கு, ஒரு வருடம் காத்திராமல் எட்டு வாரத்தில் போடலாம். இரண்டாம் ஊசிக்கு அடுத்த ஆண்டு பணம் இருக்குமா என்று இப்போதே அறக்கட்டளையில் பேசி வையுங்கள்.

மூன்றாவது டி.டி. டெட்டனஸும் தொண்டை அடைப்பானும் சேர்ந்த ஊசி. பெரியவர்களுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறை. வயலிலும் வாழைத் தோட்டத்திலும் வெறுங்காலோடு நிற்கும் அறுபது வயதுக்காரரிடம் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், “ஆணி குத்தினப்ப” என்பார். எந்த வருடத்து ஆணி என்று அவருக்கே நினைவிருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் ஊசிதான், செலவு பெரிதில்லை.

நாலாவது உங்கள் கேள்வியில் இல்லாதது, ஆனால் டயாலிசிஸ்காரர்களைக் குறிப்பிட்டதால் சொல்கிறேன். அவர்களுக்கு ஃப்ளூவைவிட முக்கியம் ஹெபடைட்டிஸ் பி. வாரம் இரண்டு மூன்று முறை ரத்தம் வெளியே போய் உள்ளே வருகிற உடம்பு. சாதாரண ஆளுக்குப் போடும் அளவு அவர்களுக்குப் பற்றாது. இரட்டை அளவில், 0, 1, 2, 6 மாதங்கள் என நாலு தவணை என்பது பரவலாக உள்ள முறை. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும், பிறகு வருடந்தோறும். பத்துக்குக் கீழே இறங்கினால் பூஸ்டர். பெரும்பாலான டயாலிசிஸ் மையங்களில் இதற்குப் பதிவேடு இருக்கும். உங்கள் பட்டியலில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் சில பேர்தான் இருப்பார்கள். அந்தச் சில பேருக்கும் மையத்தோடு பேசி இதைச் சரிபார்த்தாலே உங்கள் திட்டம் உருப்படியான வேலை செய்துவிட்டது என்பேன்.

கொரோனா ஊசியை அப்போதைய அரசு வழிகாட்டுதலும் இருப்பும் எப்படியோ அப்படி, மாவட்ட சுகாதார அலுவலரிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். நீங்களாக வாங்க வேண்டாம்.

இப்போது பட்டியல். பாதி வேலை ஏற்கெனவே செய்து வைக்கப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறார்கள். யாருக்கு என்ன நோய், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு அந்த வீட்டுச் சொந்தக்காரர்களுக்கே தெரியாது. அவர்களையும் கிராம சுகாதார செவிலியரையும் முதல் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். மாலை, பொன்னாடை எல்லாம் வேண்டாம். டீ வாங்கிக் கொடுத்து, நோட்டைத் திறந்து வைத்து ஊர் ஊராகப் பேசுங்கள். நோயாளியின் விவரங்களை அவர்கள் உங்களிடம் அப்படியே தூக்கிக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. வட்டார மருத்துவ அலுவலர் அனுமதியோடு, அவர்கள் கையிலேயே பட்டியல் இருந்து, நீங்கள் வண்டியும் ஆளும் கொடுப்பதுதான் முறை. அறக்கட்டளைக்கு எண்ணிக்கை தெரிந்தால் போதும், யாருக்கு என்ன நோய் என்று தெரிய வேண்டியதில்லை.

மீதிப் பாதி எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள். மாத்திரை வாங்காத கிழவர், தனியாக இருக்கும் ஆச்சி, ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போகிறவர், பனைக்காலத்தில் பனங்காட்டு விடிலிக் குடிசையே வீடாகக் கிடக்கிறவர். இவர்களுக்காகத் தெருத்தெருவாக நடந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது நூறில் பதின்மூன்று பதினாலு பேர் 60 தாண்டியவர்கள். உங்கள் 12,000 பேரில் அவர்கள் மட்டுமே 1,600 பக்கம் வருவார்கள். இளைஞர்கள் வெளியூர் போய்விட்ட ஊரென்றால் இன்னும் கூடும். கைக்கு வந்த பட்டியலில் 900 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் 700 பேரை யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.

பெயர், வயது, நோய், போன ஊசித் தேதி என்று நோட்டில் கோடு போடும்போது இன்னொரு கட்டம் சேருங்கள்: நடந்து வருவாரா, யாராவது கூட்டி வர வேண்டுமா, வீட்டை விட்டு வரவே மாட்டாரா. இந்த ஒரு கட்டம்தான் எத்தனை முகாம், எத்தனை ஆட்டோ, எத்தனை வீட்டு வருகை என்று சொல்லும். கொரோனா முகாம்களில் ஓர் அமர்வுக்கு நூறு பேர் என்று கணக்கு வைத்தார்கள். வயதானவர்களுக்கு அது ஓடாது. காது கேட்காது, ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்கும், கம்பை வைத்துவிட்டு உட்காரவே நேரமாகும். ஒரு செவிலியருக்கு அறுபது பேர் என்றால் நிதானமாகப் போகும். வீட்டு வருகையில் ஒரு குழு ஒரு நாளில் இருபது வீடு ஏறி இறங்கினால் அது நல்ல நாள். ஆகவே 500 ஊசியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூன்று வாரத்துக்குப் பரப்புங்கள். புதன்கிழமையைத் தொடவேண்டாம், அது குழந்தைகளுக்கான தடுப்பூசி நாள். அன்று செவிலியரை இழுத்தால் ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை போட்டதாகும்.

நாள் பார்ப்பதில் நம்ம சீமைக்கென்று சில கணக்குகள் உண்டு. கோயில் கொடை நடக்கும் செவ்வாய், வெள்ளியில் முகாம் வைத்தால் நீங்களும் நாற்காலியும்தான். பங்குனி உத்திரத்துக்கு ஊரே சாஸ்தா கோயிலுக்குப் போய்விடும். செப்டம்பரில் கார் நெல் அறுவடை எப்போது என்று கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள். வயதானவர்கள் அறுக்கப் போக மாட்டார்கள், ஆனால் அவர்களைக் கூட்டி வரவேண்டிய மகளும் மருமகளும் போய்விடுவார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடம் நல்ல இடம். அறுபது, எழுபது வயதுப் பெண்கள் காலையிலேயே அங்கே வந்து நிற்பார்கள். அங்கே ஊசி போட வேண்டாம், பெயர் எழுதித் தேதி சொல்லிவிட்டு வாருங்கள்.

பீடி சுற்றும் பெண்களைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கமெல்லாம் போலவே உங்கள் ஊர்களிலும் வீட்டுக்கு வீடு தட்டு இருக்கும். வருடக்கணக்கில் புகையிலைத் தூசியோடு இருப்பதால் மூச்சுக் கோளாறு அவர்களிடம் சாதாரணம். ஆனால் 60 ஆகாததால் வயது வரம்பு போட்ட பட்டியலில் வரமாட்டார்கள். நோய் வரிசையில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஊசிக்குத் தயங்குவதில் ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. மறுநாள் கை வலித்தால் சுற்ற முடியாது, சுற்றாவிட்டால் கூலி கிடையாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம், இலையும் தூளும் வாங்க அவர்கள் வரும் பீடிக் கடைக்குப் பக்கத்திலேயே இடம் பாருங்கள். எந்தக் கையில் அதிகம் சுருட்டுவார் என்று கேட்டு மற்றக் கையில் போடச் சொல்லுங்கள். ஞாயிறு ஓய்வு, திங்கள் வேலை. கூலி போகாது என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரியையும் சேர்த்துக் கூட்டி வருவார்கள்.

கேள்வி உங்கள் ஒன்றியத்தைப் பற்றியது என்றாலும் மற்ற பக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள். பூசை முடிந்து வரும் நேரம் பொருத்தம், பங்குத்தந்தை திருப்பலியில் ஒரு வரி சொன்னால் பத்து மைக்குக்குச் சமம். காரையாறு அணைக்கு மேலே இஞ்சிக்குழி போன்ற காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்குப் படகும் நடையும் வேண்டும், புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதியும் வேண்டும். அங்கே ஒரே பயணத்தில் எல்லா ஊசியும் போட்டுவிடுவது மாதிரி திட்டமிடுங்கள். ஃப்ளூவும் நிமோனியா ஊசியும் ஒரே நாளில் ஆளுக்கு இரண்டு கையிலும் போடலாம், தடையில்லை.

குளிர்ச் சங்கிலிக்கு, அதாவது ஊசியைப் போடும் வரை குளிரிலேயே வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு வருகிறேன். இதில்தான் தனியார் முயற்சிகள் சறுக்குகின்றன. எல்லோரும் நெல்லை வெயிலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான், ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஃப்ளூ, டி.டி., ஹெபடைட்டிஸ் பி, நிமோனியா ஊசி எல்லாமே உறைந்தால் கெட்டுப்போகிறவை. பனிக்கட்டிப் பொட்டலத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே ஊசி கொண்டுபோகும் கேரியரில் அடுக்கினால், வெயில் செய்யாத கெடுதலைப் பனி செய்துவிடும். வெளியே எடுத்து வைத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை பொறுத்திருந்து அடுக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜில், அதுவும் கதவுத் தட்டில், ஒரு ராத்திரிகூட வைக்காதீர்கள். ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்து ஐ.எல்.ஆர். என்ற தடுப்பூசிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ள மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இடமில்லை என்றால், சரியான குளிர்சாதனமும் ஜெனரேட்டரும் உள்ள மருத்துவமனையில் வைத்து, தேவைக்கு ஏற்ப வாராவாரம் எடுங்கள்.

மழைக்கு முன்னால் முடிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நமக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி இரு கரையும் புரண்டு, கரண்ட் இல்லை, பாதை இல்லை. அந்த மாதிரி நாளில் இருப்பு குறைவாகக் கையில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். கணக்குப் போடும்போது, ஃப்ளூ ஊசி ஆளுக்கொன்றாக நிரப்பப்பட்டு வருவதால் சேதாரம் மிகக் குறைவு. டி.டி. பத்து டோஸ் குப்பி, சேதாரத்துக்குப் பத்து சதவீதம் விட்டால் தேவையை 1.11-ஆல் பெருக்க வேண்டும். திறந்த குப்பியை விதிப்படி வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்பதால் அவ்வளவு சேதம் வராது.

ஊசி போடும் இடத்தில் டாக்டர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் மருந்து இருக்க வேண்டும், அதன் காலாவதித் தேதியை முந்தின நாளே பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு 1:1000 அளவில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் என்பது செவிலியருக்குத் தெரியும். ஆனால் மருந்து எந்த மேஜையில் இருக்கிறது என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். 108-க்கு முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அனுப்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மெல்லிய ஊசி போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சளி, லேசான இருமல் தடையில்லை. கடுமையான காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றுங்கள். கீமோ தொடங்கப் போகிறவருக்கு முடிந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும், அதை அவருடைய புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்று: முகாமுக்கு வரும் சர்க்கரைக்காரர் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் எட்டு மணிக்கே வந்து வரிசையில் நிற்பார். பத்தரைக்கு ஊசி. பத்தேமுக்காலுக்கு வேர்த்துக் கொட்டி மயங்கி விழுவார். சுகர் இறங்கியதால் விழுந்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஊசி போட்டதும் விழுந்தார் என்றுதான் அன்று சாயங்காலம் ஊர் பூராவும் பேச்சு. அதோடு முகாம் முடிந்தது. பந்தலுக்கு வைத்த பணத்தில் இட்லி வாங்குங்கள். “சாப்பிட்டுட்டு வாங்க” என்று அழைப்பிலேயே எழுதுங்கள், வந்தவுடன் “சாப்டீங்களா?” என்று கேட்க ஓர் ஆளை வாசலில் நிறுத்துங்கள். பெண்களுக்கு ஒரு திரையும் பெண் செவிலியரும் கட்டாயம்.

பேச்சைப் பொறுத்தவரை, “ஒண்ணும் செய்யாது” என்று சொல்லாதீர்கள். கை வலிக்கும், சிலருக்கு ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், வரும்போது கலங்க மாட்டார்கள். ஊசி போட்டால் சளியே பிடிக்காது என்றும் சொல்லக் கூடாது. பொருத்தம் நன்றாக அமைந்த வருடத்தில்கூட ஃப்ளூ ஊசி நோயைத் தடுப்பது பாதிக்குப் பாதிதான், வயதானவர்களுக்கு இன்னும் குறையும். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் அளவுக்குப் போவதைக் குறைக்கும். “நான் இன்னும் எத்தனை நாளைக்கு, சின்னஞ்சிறுசுகளுக்குப் போடுங்கய்யா” என்று கைகூப்பும் பெரியவர்கள் நிறைய. அவர்களிடம் ஆயுளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நீங்கள் படுத்தால் பார்க்கிற மகளுக்குத்தானே கஷ்டம் என்றால் யோசிப்பார்கள். அந்த மகளுக்கும் ஊசி போடலாமா என்று கேட்பீர்கள். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்குப் போடுவது நல்லதுதான், ஊசி மிஞ்சினால்.

அடுத்த தேதியை எங்கே எழுதுவது என்று திட்டம் போடுகிறவர்கள் நினைப்பதே இல்லை. அட்டை தொலையும், போன் மகனிடம் இருக்கும். ரேஷன் அட்டை உறைக்குள் ஒரு சின்ன சீட்டு வையுங்கள், அது தொலையாது. கூடவே அந்தத் தெருத் தன்னார்வலர் நோட்டிலும் தேதி இருக்க வேண்டும். போடாமல் விட்டவர் பட்டியலை வாராவாரம் பாருங்கள்: ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை, கூட்டி வர ஆளில்லை, வேண்டாம் என்றார், இறந்துவிட்டார். இத்தனை பேருக்குப் போட்டோம் என்ற எண்ணிக்கை பேனரில் போடத்தான் உதவும். கூட்டி வர ஆளில்லை என்று முப்பது பேர் இருந்தால் அடுத்த வாரம் ஒரு ஆட்டோவுக்குச் சொல்லலாம். வேண்டாம் என்று முப்பது பேர் ஒரே தெருவில் இருந்தால் அந்தத் தெருவில் ஏதோ நடந்திருக்கிறது, டாக்டரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து பேச வேண்டும். பயன்படுத்திய ஊசியும் சிரிஞ்சும் பள்ளிக்கூடக் குப்பைத் தொட்டியில் விழாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவக் கழிவோடு சேர்ந்து போக வேண்டும். இதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம். 1,600 பேருக்கு மேல் தகுதியுள்ள இடத்தில் உங்களிடம் 500 ஊசிக்குத்தான் நிதி. முதலில் வந்தவருக்கு முதலில் என்று விட்டால், நல்ல காலோடு வண்டியில் வருகிற 62 வயதுக்காரர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் வரிசை இப்படி. டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு எல்லா ஊசியும், எண்ணிக்கை குறைவுதான். பிறகு வயது எதுவானாலும் நுரையீரல், இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கும், 75 தாண்டியவர்களுக்கும், வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கும் ஃப்ளூ. அதன் பிறகு சர்க்கரையோடு இன்னொரு நோயும் உள்ளவர்கள். நிமோனியா ஊசிக்கு இந்த வருடம் முதல் குழுவோடும் மூச்சுக் கோளாறு உள்ளவர்களோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். அறுபதைத் தாண்டி ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களுக்கு டி.டி. போட்டு அனுப்பலாம், அது சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஃப்ளூ ஊசி பரிந்துரைக்கப்படுகிறது, ஆனால் அவர்கள் செவிலியரின் தனிப் பதிவேட்டில் இருப்பவர்கள், மருத்துவ அலுவலரிடம் கேட்டுச் சேருங்கள். அறக்கட்டளைத் தலைவருக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் நடுவில் புகுந்து கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். வரிசையைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால், அந்த நோட்டைக் காட்டிவிடலாம்.